எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய நாற்காலி

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. ஒரே பகலில் முடிந்துபோன சங்கதிதான் இது. ஆனால் அந்தப் பகல் சோனியாவுக்கு மட்டும் முடியவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மைசூர் அக்ரஹாரத்தில், பூக்கடைகள் முடிகிற இடத்தில் ஒரு ஆல்பம் டிசைன் கடை இருக்கிறது. கல்யாணப் போட்டோக்களை வாங்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, அழகுபடுத்தி, தடித்த புத்தகமாக்கித் தருகிற கடை. அது சுரேந்தருடையது. அவனுடைய அப்பா பெயர் பழனி; ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். ஊரெல்லாம் சுவர் எழுப்பிவிட்டு இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறார். அம்மா பாக்கியலட்சுமி. தங்கை சோனியா. கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு அண்ணன் கடைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தவள், அங்கேயே இருந்துவிட்டாள்.

அவளுடைய வேலை என்ன தெரியுமா? முடி. கல்யாணப் பெண்ணின் நெற்றியோரம் காற்றில் பறக்கிற முடியை இழை இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து, அவளைக் கொண்டுபோய் ஒரு பனிமலை முன்னாலோ அரண்மனை முன்னாலோ நிறுத்த வேண்டும். ஒரு படத்துக்கு அரைநாள்கூடப் பிடிக்கும். கழுத்து வலிக்கும், கண் எரியும். ஆனாலும் அந்த முடி வேலைக்காகவே குடகிலிருந்தெல்லாம் போட்டோக்காரர்கள் இந்தக் கடையைத் தேடி வந்தார்கள்.

அப்புறம் ஒரு மென்பொருள் வந்தது. படத்தைப் போட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியைத் தானே பிரித்துவிடுகிறது. சுரேந்தர் அதைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. சோனியாவுக்கோ வேறு மாதிரி ஆகிவிட்டது. எது முடி, எது பின்னாலிருக்கிற மரக்கிளை என்று இதற்கு எப்படித் தெரிகிறது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்த நாளிலிருந்து, பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறாள்.

அப்போதுதான் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் தசரா விடுமுறையில் டீப் லேர்னிங் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கில் படங்களைக் காட்டிக் காட்டி, இது முடி, இது கிளை என்று எந்திரத்துக்குப் பழக்குகிற வித்தை. வெறுமனே பாடம் கேட்டுவிட்டு வருவது அல்ல. அவரவர் எந்திரத்தைக் கொண்டுபோய் அவரவர் கையால் செய்ய வேண்டும். சோனியாவுக்கு இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு கிடைத்தது.

தேவையான மென்பொருள்களை முன்கூட்டியே ஏற்றிவிட்டு, அவர்கள் அனுப்பிய சின்னச் சோதனையை ஓட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ‘ட்ரூ’ என்று வரும். இல்லையென்றால் ‘ஃபால்ஸ்’. ட்ரூ வந்த திரையைப் படம்பிடித்து மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவருடைய இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்த ஆறு மணி எந்த நாளில் வந்தது என்று கேளுங்கள். ஆயுத பூஜை அன்று! கெடு வைத்தவர் வெளிமாநிலத்துக்காரர். அன்றைக்கு விடுமுறை என்று நாள்காட்டி அவருக்குச் சொல்லியிருக்கும். மைசூரில் அன்றைக்குப் பூஜையில் வைத்த எந்திரத்தின் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நாள்காட்டி சொல்லுமா?

முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் கடையில் ஆர்டர் நெருக்கடி. கம்ப்யூட்டர் சோனியாவின் கைக்கு வந்ததே பூஜை நாள் விடிந்துதான். கிராபிக்ஸ் கார்டு உள்ள எந்திரம் வீட்டில் அது ஒன்றுதான். இந்த வித்தைக்கு அது இல்லாமல் ஆகாது. யாரும் வருவதற்கு முன்னால் ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அந்தக் கார்டை இயக்குகிற பழைய டிரைவர் மென்பொருளைக் கழற்றினாள். புதியதை இறக்க ஆரம்பித்தாள். ஊர் முழுக்கத் தசரா பார்க்க வந்தவர்கள் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்களோ என்னவோ, நெட் நகரவே இல்லை. திரையில் அந்தப் பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. இவள் எழுந்து வாசலுக்குப் போவாள், திரும்பி வருவாள், பார்ப்பாள். அதே இடம்.

வாழைக்கன்றுகளைத் தோளில் போட்டுக்கொண்டு சுரேந்தர் வந்துவிட்டான். பின்னாலேயே தாம்பாளத்தோடு அம்மா.

“இன்னும் ஆகலியா உனக்கு? ராகு காலம் வரப்போகுது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணு, தொடைக்கணும்.”

“ஒரு அரைமணி நேரம்ண்ணா...”

“உன் அரைமணி நேரம் எனக்குத் தெரியாதா? போன வருஷம் இதே மாதிரிதான், பூஜைக்கப்புறம் ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் போட்டோம். தீபாவளிக்குள்ள பிரிண்டர் புகைஞ்சு போச்சு. மறந்துட்டியா?”

அவள் மானிட்டரை மட்டும் அணைத்தாள். சிபியு பெட்டியை அணைக்கவில்லை. திரை கறுத்ததும் எல்லாம் நின்றுவிட்டது என்று சுரேந்தர் நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாக்கியலட்சுமி பொட்டு வைக்க ஆரம்பித்தாள். மானிட்டருக்கு, பிரிண்டருக்கு, கேமராவுக்கு, பேப்பர் வெட்டும் கத்திக்கு, ஓரமாக வைத்திருந்த புருஷனுடைய கொத்துக் கரண்டிக்கும் ரசமட்டத்துக்கும். கீபோர்டில் வரிசைக்கு ஒன்றாகச் சந்தனம். கடைசியில் பெட்டிக்கு வந்தாள். பெரிய பொட்டாக வைக்க வேண்டும் என்று நடுவில் இருந்த சுவிட்சைப் பார்த்துச் சந்தனத்தை மெல்லத் தடவி, அதன்மேல் குங்குமத்தை ஒற்றினாள். சுவிட்சுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அதற்குள் மறைந்தே போயிற்று.

“ஏங்கண்ணு, பெட்டி என்னமோ மொனகுதே?”

“ஃபேன்மா. நின்னுரும்.”

கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காயில் குங்குமம் கொட்டி வாசலில் உடைத்தார்கள். சுரேந்தர் ஸ்கூட்டரின் ரெண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து நசுக்கினான். பொரியும் கடலையும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாயிற்று. அப்புறம் ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இனி நாளைக்குக் காலைலதான்.”

பூட்டிய ஷட்டருக்குள், பூமாலைக்கு அடியில், அந்தப் பெட்டி மட்டும் முனகிக்கொண்டே இருந்தது.

வீட்டில் வடை, பாயசம், எல்லாம் இருந்தன. சோனியா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாடிக்கையாளருக்கு ஆல்பம் பக்கத்தைக் காட்டுவதற்காகக் கடைக் கம்ப்யூட்டரின் திரையைப் போனிலேயே பார்க்கிற ஒரு செயலி வைத்திருந்தார்கள். இலையில் ஒரு கை, போனில் ஒரு கை.

“அந்தப் போனைக் கீழ வை. பாயசத்துக்குள்ள விழுந்துரப் போவுது.”

“விழாதும்மா.”

“என்ன அவசரம் உனக்கு இன்னிக்கி? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா வர்றாங்க?”

“அவங்க வந்தா இவ்வளவு பதற மாட்டேன்.”

மதியம் சாய்கிற நேரத்தில் பச்சைக் கோடு முழுசாக நிரம்பியது. போனிலிருந்தே சோதனையை ஓட்டினாள். பொட்டு அழியவில்லை, பூ கலையவில்லை, தொடாமலே ஓட்டினாள்.

ஃபால்ஸ்.

கீழே ஒரு வரி: டிரைவர் ஏறியிருக்கிறது, எந்திரத்தை ஒருமுறை அணைத்துத் தொடங்கினால்தான் வேலை செய்யும்.

போனிலிருந்தே அணைத்துத் தொடங்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கோடையில் அதன் உள்விசிறி செத்துப்போக, சுரேந்தர் மலிவாக வேறொன்றை வாங்கி மாட்டினான். அதன் வேகம் பெட்டிக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், ‘விசிறி சரியில்லை, எஃப் ஒன் கீயை அழுத்து’ என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். யாராவது கையால் அழுத்தினால்தான் மேலே போகும். அந்த நிலையில் போன் செயலி வேலைக்கு ஆகாது.

அணைத்தால், ஒரு விரல் அந்தக் கீபோர்டைத் தொட்டே ஆக வேண்டும். அணைக்காவிட்டால் ஃபால்ஸ்.

எழுந்து நடந்தாள். சமையலறைக்குப் போனாள், தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள். ஜன்னல் பக்கம் நின்றாள். பிறகு போனிலேயே ‘ரீஸ்டார்ட்’டை அழுத்திவிட்டாள். செயலி சுழன்று சுழன்று, ‘இணைப்பு இல்லை’ என்றது.

சுரேந்தருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பூஜை அன்று கடைக்காரர்கள் ஒருவர் கடைக்கு ஒருவர் போய்ப் பொரி வாங்கித் தின்று கதை பேசுவது வழக்கம்; தமட்டை மேளம் அடிக்கிற சத்தத்தில் போன் மணி யாருக்குக் கேட்கும்? செருப்பை மாட்டினாளா இல்லையா என்று பார்க்காமல் இறங்கிவிட்டாள்.

“எங்கடி ஓடற?”

“அண்ணனைப் பாக்க!”

“காலைலதான பாத்த?”

ஜெராக்ஸ் கடையில் இல்லை. தையல் கடையில் இருந்துவிட்டு இப்போதுதான் போனான் என்றார்கள். தெருவெல்லாம் உடைந்த பூசணிக்காய். வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடக்கவேண்டியிருந்தது. வெயில் மாடிச் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தது. கம்பங்களில் கட்டியிருந்த தசரா விளக்குகளை எப்போது போடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே போனாள். விளக்கு எரிந்துவிட்டால் ஆறு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பசவராஜின் பஞ்சர் கடையில் அவனைப் பிடித்தாள். காற்றடிக்கும் மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் பொரிப் பொட்டலத்தோடு சுரேந்தர் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணா, சாவி குடு.”

“எதுக்கு?”

“ஒரே ஒரு கீ அழுத்தணும். எஃப் ஒன்.”

அவன் பொரியை மெல்வதை நிறுத்தினான். “எஃப் ஒன் எதுக்கு வந்துச்சு? மெஷின் ஆஃப்ல இருக்கு அல்வா?”

கன்னடத்து ‘அல்வா’ அது; ‘அல்லவா’ என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்தவர்கள் பேச்சில் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

“மானிட்டரைத்தான் ஆஃப் பண்ணேன். பெட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு.”

“பூஜை நடக்கறப்பவா?”

“அம்மா கற்பூரம் காட்டறப்ப எழுபது பர்சென்ட்.”

பசவராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். சுரேந்தருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல இல்ல?”

“சொன்னா விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன். அதுக்காக ஏமாத்துவியா? நாளைக்கு விஜயதசமி, படிப்புக்கு நல்ல நாள். காலைல வந்து எத்தனை கீ வேணும்னாலும் அழுத்து.”

“நல்ல நாள் நாளைக்கிண்ணா. கெடு இன்னைக்கி.”

அந்தச் சமயத்தில் கடை முன்னால் ஒரு ஆட்டோவுக்குப் பூஜை முடிந்தது. டிரைவர் மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து கொஞ்சமே கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். டப்பென்று சாறு தெறித்து ஒரு விதை சோனியாவின் பாதத்தில் வந்து ஒட்டியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தியபோது அவள் முகமே மாறியிருந்தது.

“அண்ணா, இப்ப அந்த ஆட்டோ என்ன பண்ணுச்சு?”

“என்ன பண்ணுச்சு? பூஜை முடிஞ்சு எலுமிச்சம்பழத்து மேல ஏறுச்சு.”

“காலைல உன் ஸ்கூட்டர்?”

“அதுவும்தான் ஏறுச்சு.”

“பூஜை முடிஞ்ச வண்டியை ஒரு அடியாவது ஓட்டணும். ஓட்டினாத்தான் பூஜை நிறையும். அப்படித்தான?”

பசவராஜ் தலையாட்டினார். “ஹௌது ஹௌது. பூஜெ ஆத மேலே ஸ்வல்ப ஓடிஸ்லே பேகு.” கொஞ்சம் ஓட்டத்தான் வேண்டும் என்கிறார்.

“அப்ப நம்ம கம்ப்யூட்டரை யாரு ஓட்டினா? மாலையைப் போட்டுப் பூட்டிட்டு வந்துட்ட. வண்டிக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?”

“ஏய், அதுக்குச் சக்கரம் எங்கடி இருக்கு?”

“நாற்காலிக்கு இருக்குல்ல?”

பசவராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து சுரேந்தரின் மடியில், பொரிக்கு நடுவில் போட்டார். “ஏளு மாராயா. தங்கி லாயர் ஆகிபிட்டளு.” எழுந்திரப்பா, தங்கை வக்கீல் ஆகிவிட்டாள் என்கிறார்.

சுரேந்தர் எழுந்தான். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். கடையைப் பார்த்து நடந்தான். இவள் பின்னால் ஓடுகிற மாதிரி நடந்தாள். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

“பிரிண்டர் புகைஞ்சதுக்காக மட்டும் நான் சொல்லல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நான் போயிருவேன்னு பயம்.”

அவன் வழியில் கிடந்த பூசணித் துண்டைக் காலால் ஓரம் தள்ளினான். “குடகுக்காரங்க எனக்காகவா வர்றாங்க? நீ படத்துல முடி வெட்டறதுக்குத்தான வர்றாங்க. நீயே போய் முடி வெட்டற மெஷினைச் செய்யக் கத்துக்கிட்டு வந்தா, அப்புறம் அந்தக் கடையில எனக்கு என்னடி வேலை?”

“நான் கத்துக்காம இருந்தா அந்த மெஷின் வராம இருக்குமா? வந்துருச்சுண்ணா. நீதான ரெண்டு நாள் பேசாம இருந்த. அது உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்க என்னால முடியல. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.”

கடை வாசல் வந்ததும் அவன் நின்றான். சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்தான்.

ஷட்டரைத் தூக்கினார்கள். கற்பூரமும் சாமந்தியும் கலந்த வாசனை முகத்தில் மோதியது. சோனியா மானிட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, எஃப் ஒன்னுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சுரேந்தர் எலுமிச்சம்பழத்தை நாற்காலியின் முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான். பிறகு நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கடை அவனுடையது, எந்திரம் அவனுடையது. அவன்தான் உட்காருவான் என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

“என்ன நிக்கற?”

“நீ உக்காருண்ணா.”

“ஓட்டறவங்கதான் ஏத்தணும். இதை ஓட்டறது நீதான?”

சோனியா உட்கார்ந்தாள். காலை ஊன்றி நாற்காலியை முன்னால் தள்ளினாள். ஏறவில்லை. பழம் நழுவி மேசைக்கு அடியில் ஓடியது. சுரேந்தர் மண்டி போட்டுத் தேடி எடுத்து மறுபடி வைத்து, இந்த முறை கையாலேயே பிடித்துக்கொண்டான்.

“விரலு போயிரும்ண்ணா!”

“போகாது, தள்ளு!”

தள்ளினாள். சக்கரம் ஏறி இறங்கியது. பழம் நசுங்கி அவன் முழங்கை வரைக்கும் சாறு. அதே வேகத்தில் அவள் மேசைக்கு வந்து சேர்ந்து, கீபோர்டின் மேல் வரிசையில், சந்தனத்துக்கு அடியில் இருந்த எஃப் ஒன்னை அழுத்தினாள்.

“ஒண்ணுதான்,” என்றான். “ஒண்ணுதான் கணக்கு.”

“மீதிக்குப் போன் இருக்கு.”

பெட்டி ஒருமுறை பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது. செயலி இணைந்தது. அவள் போனில் சோதனையை ஓட்டினாள். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே தெருவில் யாரோ, ‘லைட்டு ஹாக்தாரா?’ என்று கன்னடத்தில் கேட்பது காதில் விழுந்தது; விளக்குப் போடப்போகிறார்களா என்று கேட்கிறான். சுரேந்தர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“என்ன வரணும்?”

“ட்ரூ.”

“வரலன்னா?”

“பேசாதண்ணா.”

வந்தது. மூன்றே மூன்று வரி. கடைசி வரியில், ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. ட்ரூ.

அவள் மானிட்டரை அப்படியே போனில் படம்பிடித்தாள். ஓரத்தில் பொட்டு, மேலே மாலை, எல்லாமும் சேர்ந்து விழுந்தது. விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தோடு அனுப்பும் அம்பை அழுத்தினாள். போன் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு ரேகை பதிந்தது. ஷட்டருக்கு வெளியே தெரு முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது.

அதற்கு முன்னால் போனதா, பின்னால் போனதா? கடைசி நிமிஷத்தைப் பார்க்கிற தைரியம் ரெண்டு பேருக்கும் இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு நடந்தார்கள். பூக்கடை தாண்டுவதற்குள் போன் சிணுங்கியது. சோனியா நடந்துகொண்டே படித்தாள், நின்று இன்னொரு தடவை படித்தாள்.

“என்னவாம்?”

“சீட்டு உறுதியாம். முதல் நாள் காலைல சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க. அப்புறம், மெஷினுக்குக் கல்யாணமான்னு கேட்டிருக்காங்க.”

சுரேந்தர் சிரித்துவிட்டான். அன்று முழுக்க அவன் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பயிற்சி தொடங்குகிற அன்று காலையில் பெட்டியைப் போர்வையில் சுற்றி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினான். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். வழியனுப்ப வந்த பாக்கியலட்சுமி போர்வையை விலக்கிப் பார்த்தாள். சுவிட்சின் மேல் வைத்த பெரிய பொட்டு வைத்தபடியே இருந்தது.

“நான் வெச்சது கலையவே இல்ல பாரு,” என்றாள் பெருமையாக.

பூஜையிலும் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குச் சுவிட்சை அழுத்த வேண்டியே வரவில்லை என்பது தெரிந்த அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கல்லூரி வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு சுரேந்தர் அதன் தலையைத் தட்டினான். “பயிற்சி முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒழுங்கா கடைக்குத் திரும்பி வரணும்.”

“பெட்டி வரும்,” என்றாள் சோனியா. “என்னைப் பத்தி நான் இன்னும் யோசிக்கல.”

சொல்லிவிட்டு, பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் மானிட்டரோடு வருகிறானா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், படி ஏறினாள்.